கன்னத்தில் ஒன்றுமில்லை

உலகத்தில் அலங்காரம் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள், செய்துகொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. முக்கால் மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று அலங்காரம் செய்துகொண்டு, செய்துகொள்ளவே இல்லை என்று சாதிக்கும் கூட்டம். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். "முகம் பளிச்சுனு இருக்கே" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும்: "ஐயோ, மூஞ்சிகூடச் சரியா கழுவல!"

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் ஜெயலட்சுமி இந்தக் கூட்டத்தின் முன்வரிசை. மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. வயது நாற்பத்தொன்பது. கோப்பில் ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடும் நேர்மைக்காரி. கன்னம் என்று வந்துவிட்டால் மட்டும் நேர்மை கொஞ்சம் லீவில் போய்விடும்.

டெல்லிப் பனிக்காலத்தில் தோல் அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது, பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கிறது, ஆகவே கன்னச் சிவப்புக்கு க்ரீம் பிளஷ்தான் சரி, அதிலும் பீச் நிறம்தான் ரத்த ஓட்டம் மாதிரி தெரியும் என்றெல்லாம் இரண்டு வாரம் கைபேசியில் ஆராய்ந்து முடித்து, அதை வாங்குவதற்காக நவம்பரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினாள். பக்கத்திலேயே சரோஜினி நகர் சந்தை இருக்கிறது. அங்கே போவாளா? மூன்று அடிக்கு ஒரு காலனிப் பெண்மணி எதிரே வந்து பையை எட்டிப் பார்ப்பாள். ஆகவே மெட்ரோ ஏறி, மாசுக் காற்றை முன்னிட்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு, தமிழ் முகமே தென்படாத ராஜோரி கார்டனில் போய் இறங்கினாள்.

கடைக்காரப் பெண் முதலில் எடுத்த பீச், ஜெயலட்சுமியின் மாநிறத்தில் திருநீறு பூசியதுபோல் வெளுத்துத் தெரிந்தது. அடுத்தது ரோஜா நிறம். ராம்லீலா மேடைக்கு நேராகப் போய்விடலாம். கடை விளக்கை நம்பாமல், கையில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் தெருவுக்கு வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதாவது கோடு, ஆரஞ்சு லேசாகக் கலந்த பழுத்த பீச், தோலோடு தோலாக மறைந்து ஒரு மினுமினுப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

"தீதீ, யே ஏக்தம் நேச்சுரல் லகேகா!" என்றாள் கடைக்காரப் பெண், அப்படியே இயற்கையாகத் தெரியும் என்று.

அத்தனை சொற்களில் ஜெயலட்சுமியின் நெஞ்சுக்குள் இறங்கியது ஒன்றுதான்: நேச்சுரல். டப்பி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

திங்கட்கிழமை காலை கணவர் பூவராகவன் அவளை உற்றுப் பார்த்தார். அவளுக்குள் ஒரு சின்னக் குதூகலம்.

"என்ன ஜெயா, ஜுரமா? கன்னம் ஒரு மாதிரி இருக்கே. மாத்திரை தரட்டுமா?"

கணவர்கள் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும். அலுவலகம் அப்படியல்ல. மதியச் சாப்பாட்டு வேளையில் சிந்து கேட்டேவிட்டாள். சிந்து அதே பிரிவில் உதவியாளர், வேலூர்ப் பெண், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள்.

"அக்கா, கன்னம் ஜொலிக்குது! என்ன போடுறீங்க?"

"நான் என்னத்தம்மா போடப்போறேன்? காலைல வெறும் வயித்துல பீட்ரூட் சாறு. அவ்ளோதான்."

ஏன் பீட்ரூட்? எதிரே திறந்திருந்த டிபன் டப்பாவில் அன்றைக்குப் பீட்ரூட் பொரியல். வெண்டைக்காய் இருந்திருந்தால் வெண்டைக்காய்.

சிலர் சொன்னால் ஊர் கேட்கும். ஜெயலட்சுமி அந்த ரகம். ஒரே மாதத்தில் அந்தப் பிரிவின் தண்ணீர்ப் பாட்டில்களெல்லாம் சிவந்துபோயின. பஞ்சாபிக்காரி ஒருத்தி இஞ்சி கலந்து குடித்தாள். வேறொருத்திக்கு வயிறு கடமுடா என்றது. ஜெயலட்சுமி ஒவ்வொருத்தியிடமும் கனிவாக விசாரித்தாள்: "விடாம குடிக்கிறியா? அச்சா, அச்சா. கொஞ்ச நாளாகும்."

ஜனவரியில் சிந்துவைப் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். பையன் ஹரிஷங்கர் டெல்லியிலேயே பொதுத்துறை நிறுவனமொன்றில் பொறியாளன். மதுரையிலிருந்து வந்த அவனுடைய பெற்றோர் சாணக்யபுரியில் தமிழ்நாட்டு விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தார்கள். ஞாயிறு பதினொரு மணிக்குச் சந்திப்பு. சிந்துவின் பெற்றோர் வந்த ரயிலோ, மூடுபனியில் ஆக்ராவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றுவிட்டது. பெரியவர்கள் என்று யாராவது வேண்டுமே? ஜெயலட்சுமி பட்டுப் புடவையோடும், பழுத்த பீச் கன்னத்தோடும் போய் நின்றாள்.

பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது சிந்துவைக் காணோம். பெண்கள் கழிவறையில் கண்ணாடி முன்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமாக் குடிக்கிறேன்க்கா. ஊர்ல இருந்து வந்த நாள்லகூட விடல. நாக்குதான் சிவந்துச்சு. போன தடவ பாத்துட்டுப் போனவங்க, பொண்ணு மூஞ்சில களையே இல்லன்னுட்டாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இப்படி? எனக்குதான் ஒடம்புல ஏதோ கோளாறா?"

ஜெயலட்சுமியின் நாக்கு நுனிவரை ஒரு வாக்கியம் வந்தது. 'கேரட்டும் சேத்துக்கணும்மா' என்பது அது. இந்தக் கூட்டத்துக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் யோசிக்காமலே வரும். ஆனால் அந்தப் பெண்ணின் மூக்கு நுனியில் ஒரு துளி நின்று நடுங்குவதைப் பார்த்ததும், இருபத்தாறு வருட உத்தியோகத்தில் பழகாத ஒரு வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. கைப்பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினாள்.

"இதாம்மா பீட்ரூட்."

சிந்து டப்பியைப் பார்த்தாள். ஜெயலட்சுமியின் கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி டப்பியைப் பார்த்தாள்.

"அக்கா… ரெண்டு மாசம்! தினம் ரெண்டு டம்ளர்! எனக்கு உங்கமேல கோவம் கோவமா வருது."

"வரட்டும். அதுலயும் கன்னம் கொஞ்சம் செவக்கும். மூஞ்சியக் கழுவிட்டுத் திரும்பு, ஜல்தி."

விரலால் தொட்டு, சூடு பறக்கத் தேய்த்து இளக்கி, சிந்துவின் கன்ன மேட்டில் மூன்று புள்ளி வைத்தாள். "சிரி. ம், அந்த மேடுதான். இழுக்கக் கூடாது; மெதுவாத் தட்டணும். காது பக்கமா மேல கொண்டு போகணும். பவுடர் வேணாம், அமுங்கிடும்." சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் பொங்கியது. ராஜோரி கார்டன், ஒன்பது கோடு, வெயில் பரிசோதனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இத்தனை வித்தை தெரிந்தும் இதுவரை ஒருத்தியிடம்கூடப் பெருமையடித்துக்கொள்ள முடியவில்லையே!

வெளியே காப்பி வந்தது. ஹரிஷங்கர் தன் கைபேசியை ஒருமுறைகூட எடுக்கவில்லை. அவனுடைய அம்மா மட்டும் சிந்துவின் கன்னத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்.

"முகம் நல்லாப் பொலிவா இருக்கும்மா. என்ன போடுவ?"

ஜெயலட்சுமி அவசரமாகக் காப்பித் தம்ளரை எடுத்தாள்.

"க்ரீம் பிளஷ், ஆன்ட்டி. பீச் கலர். இப்பதான் இந்த அக்கா போட்டு விட்டாங்க."

மாப்பிள்ளையின் அப்பா அவசரமாக ஒரு வடையை எடுத்துக்கொண்டார். ஜெயலட்சுமி காப்பித் தம்ளருக்குள் எதையோ தேடினாள். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். குரல் தாழ்ந்தது.

"அது என்ன ஷேடு நம்பர்ங்க? எனக்கில்ல. என் தங்கச்சி கேட்டுக்கிட்டே இருப்பா."

இவ்வளவு கிட்டத்தில் ஜெயலட்சுமியின் கண்ணுக்குத் தப்புமா? அம்மாளின் கன்னத்தில் ரோஜா நிறம், வெகு அழகாகக் கலந்து, ஆனால் ஒரு ஷேடு பிசகியிருந்தது.

"பன்னெண்டுங்க," என்றாள் ஜெயலட்சுமி. "ரோஸ் வேணாம். உங்க தங்கச்சிக்குப் பீச்தான் எடுப்பா இருக்கும்."

வைகாசியில் கல்யாணம். அலுவலகத்தில் ஜெயலட்சுமி பகிரங்கமாக மன்னிப்பு ஏதும் கேட்டுவிடவில்லை. "பீட்ரூட்ட நிறுத்திட்டேன்ப்பா, அதுல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். சிந்து குனிந்து கோப்பைப் பார்த்துக்கொண்டாள்.

பெண்கள் சமாசாரம்தானே என்று இவ்வளவு நேரம் புன்னகையோடு படித்துக்கொண்டிருக்கும் ஐயா, ஐம்பத்தெட்டு வயதிலும் உங்கள் மீசை கருகருவென்று இருக்கிறதே, என்ன காரணம்? பரம்பரையா? அப்பாவுக்கும் அப்படித்தானா? நம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை குளியலறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு செலவழிக்கும் அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. இடது உதட்டோரம் மட்டும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள்.