தெப்பக்குளத்து வேகமும் தேவனேரிக் கடலும்

செங்கற்பட்டு,
24-2-1974, ஞாயிறு.

என் பெருமதிப்புக்கும், இந்த இரண்டு வாரமாக என் பயத்துக்கும் உரிய மச்சான் சுப்பிரமணி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் கோதண்டராமன் தலை குனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நான், அம்சா, குழந்தை வச்சலா மூவரும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். உண்மையில் உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "கொட்டிக்க" என்கிறாள், சுவர் சாப்பிடாது என்பதால் நான் சாப்பிடுகிறேன். செய்யூரில் தாங்களும் அக்கா கன்னியம்மாவும் நலமா? சவுக்குத் தோப்பு நலமா? ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? ஏற்றிவிட்டவனே விசாரிக்கிறான் பார் என்று தாங்கள் பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வச்சலாவுக்குக் காது குத்த மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திருப்போரூர் முருகன் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது, பந்தல்காரனிடம் சொல்லியாகிவிட்டது, ஊரில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, தாய்மாமனாகிய தங்களிடம் மட்டும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. நேற்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க அண்ணன் வரலன்னா, உங்க சித்தப்பா பையன் செங்கல்வராயன் மடியில ஒக்கார வெச்சிடலாமே" என்றேன். அவ்வளவுதான். இரண்டு வாரம் பேசாதவள் பேசினாள். "எங்க அண்ணாத்த மடியில ஒக்காராம என் பொண்ணு காதுல ஊசி படாது. காது மூடியே கெடக்கட்டும். நாளைக்கி அவளக் கட்டிக்க வர்றவன் இன்னா இதுன்னு கேட்டா, எங்க நைனா நீச்சல் அடிச்ச லட்சணம் இதுதான்னு சொல்லிக்கட்டும்" என்றாள். குழந்தையும் அவள் பங்குக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மாமா வந்தால்தான் கையை எடுப்பேன் என்கிறாள். ஆகவே மச்சான், தாங்கள் வந்தால் காதுகுத்து, வராவிட்டால் இந்த வீட்டில் நான் குடியிருப்பதே சந்தேகம்.

தாங்கள் ஏன் வர மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்குக் கடலில் என்ன நடந்தது என்பதை என் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் அடிப்படையில் தெப்பக்குளத்து நீச்சல்காரன். எங்கள் குளத்தில் போட்டி என்றால் இந்தப் படியில் குதிக்க வேண்டும், அந்தப் படியைத் தொட வேண்டும், முடிந்தது. மூச்சு எடுப்பதற்குக்கூட நேரம் கிடையாது. தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, அடி அடி என்று அடித்தால் கை கருங்கல்லில் இடிக்கும், நிமிர்ந்தால் கழுத்தில் மாலை விழும். வாலிப வயதிலிருந்து எனக்கு அந்த மாலை பழகிவிட்டது. தாங்களோ ஏரி நீச்சல். காலையில் செய்யூர் ஏரியில் இறங்கினால் எருமை மாதிரி நிதானமாகப் போய், அக்கரையில் யாரிடமோ ஊர்க்கதை பேசிவிட்டு, அதே நிதானத்தில் திரும்பி வருவீர்கள். "உங்க அண்ணன் நீந்தறாரா, மெதக்குறாரா?" என்று அம்சாவிடம் கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படிப்பட்ட என்னைத்தானே தாங்கள் ஜோடியாகச் சேர்த்தீர்கள்! முப்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கான கடல் நீச்சல், தேவனேரியில் இறங்கி மகாபலிபுரத்தில் கரையேற வேண்டும், ஏறும்போது ஜோடி இரண்டு பேரும் ஒரே துண்டின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் கணக்கு. செய்யூரில் ஆளா இல்லை? "டாக்டரு இந்த வருசத்தோட கடலு வேணாம்னுட்டாரு மாப்ள. கடைசியா ஒரு தபா உன்னோட சேந்து அடிச்சிடலாம்னு கீது" என்று தாங்கள் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எதற்குமே உடனே சரி என்று சொல்வதுதான் என் வியாதி.

பிறகு சென்னையிலிருந்து அந்தச் சாலமோன் மாஸ்டரை அழைத்து வந்து கொளவாய் ஏரியில் என்னை நிறுத்தினீர்கள். அவர் நான் ஒரு சுற்று அடித்ததைப் பார்த்துவிட்டு, "சார், உங்களை யாராவது தொரத்துறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப யாருக்காக ஓடறீங்க?" என்றார். முதல் பாதியை வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக நீந்த வேண்டுமாம். ஒரு சுற்று, கொஞ்சம் ஓய்வு, மூச்சு முழுசாகத் திரும்புவதற்குள் அடுத்த சுற்று, கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். "வேகம் உங்ககிட்ட நெறைய இருக்கு. அதைச் செலவு பண்ணாம நீந்தக் கத்துக்கணும். கரையில நிக்கிறவங்க மூஞ்சி தெரிஞ்ச அப்புறம்தான் அவுத்து விடணும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் சுற்றில் தங்களுக்கு வெகு முன்னால் கரையில் இருந்தேன். இரண்டாம் சுற்றில் சேர்ந்து வந்தோம். மூன்றாவதில் தாங்கள் வந்து, "இன்னா மாப்ள, கெளம்பலியா?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நான்காவதில் நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து மசால்வடை தின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, நான் தண்ணீரில் மட்டும் அவசரக்காரன் இல்லை, சாப்பாட்டிலும் பேச்சிலும் நடையிலும் அப்படித்தான், அங்கிருந்து திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குப் போய்விட்டார்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் அந்தத் துடுப்புப் பாட்டு. தேவனேரியில் பழகப் போனபோது நமக்குக் காவலாகக் கட்டுமரத்தில் கூட வந்தாரே தேசப்பன், அவரும் அவர் கூட்டாளியும் துடுப்புப் போட்டுக்கொண்டே "ஏலோ... ஏலோ" என்று இழுத்தார்களே, அந்த இழுப்புக்கு என் கை தானாக விழுந்தது. ஒரு ஏலோவுக்கு ஒரு கை. தண்ணீருக்குள் கடிகாரம் பார்க்க முடியாத குறை தீர்ந்தது. அன்றைக்கு முதன்முறையாக மூச்சு வாங்காமல் தங்கள் கூடவே வந்தேன், தாங்களும் "மாப்ள, இப்பதான்டா நீ மனுசன்" என்றீர்கள். ஏரியில் கட்டுமரத்துக்கு எங்கே போவது? அம்சாவைக் கரையில் உட்காரவைத்து அதே பாட்டைப் பாடச் சொன்னேன். நன்றாகத்தான் ஆரம்பித்தாள், நடுவில் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து பாட்டு ஓட்டம் பிடித்தது, நானும் கூடவே ஓட்டம் பிடித்து அல்லிக்கொடியில் மாட்டிக்கொண்டேன். துணி துவைக்க வந்த பெண்கள் அவளுக்குச் சாமி வந்துவிட்டது என்று விழுந்து கும்பிட்டார்கள். பிறகு நான் வேலை பார்க்கும் ரேஷன் கடையில் வேலை நேரத்திலேயே பழக ஆரம்பித்தேன். ஒரு ஏலோவுக்கு ஒரு கரண்டி சர்க்கரை. வரிசை தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. முன்னால் நின்ற ஆதியம்மாள், "இன்னாப்பா, சக்கர போடறியா, தாலாட்டு பாடறியா? வூட்ல ஒல கொதிச்சிகினு கீது" என்று கத்தி, அது மேலதிகாரி காதுவரை போய், எனக்கு மெமோ வந்தது. அதையும் தங்களுக்காகத்தான் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவு பாடுபட்டவன் போட்டியன்று வேண்டுமென்றா கெடுப்பேன்? தைப்பூசம் கழிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனேரியில் இறங்கியபோது நான் எவ்வளவு அடக்கமாக இருந்தேன் என்பதற்குத் தாங்களே சாட்சி. எல்லா ஜோடியும் முந்திக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டேன். அன்றைக்கும் பக்கத்தில் தேசப்பன் கட்டுமரத்தில் பாடிக்கொண்டே வந்தார். ஏலோவுக்கு ஒரு கை, ஏலோவுக்கு ஒரு கை. பாதி தூரத்தில் முந்திப் போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்து நம் பின்னால் விழுந்தார்கள். நமக்கு முன்னே ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். தாங்கள் எனக்கு இரண்டு ஆள் நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் மச்சான், அந்தப் பாழாய்ப்போன மீன் கூட்டம் வந்தது. கானாங்கெளுத்தி மீனோ கவலை மீனோ எனக்குத் தெரியாது, நான் ரேஷன் கடைக்காரன். மீன் துள்ளினால் மீன்காரர் கை சும்மா இருக்குமா? துடுப்பு வேகம் எடுத்தது, பாட்டும் வேகம் எடுத்தது, ஏலோ ஏலோ ஏலோ என்று மூச்சு விடாமல் வர, பாட்டுக்குப் பழகிய என் கையும் கூடவே ஓடியது. தாங்கள் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். காதில் தண்ணீர், ஒன்றும் விழவில்லை. தங்களைத் தாண்டினேன், முன்னால் போன ஜோடியையும் தாண்டினேன். கரையில் விசில் அடித்தார்கள். நான் என் குளத்தின் நீளத்தை அடித்து முடித்ததும் கை வழக்கம்போலப் படிக்கட்டைத் தேடியது. படிக்கட்டு இல்லை மச்சான். கடலில் எந்த மடையன் படி கட்டுவான்? கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, வாய் நிறைய உப்புத்தண்ணீர், மகாபலிபுரத்துக் கோபுரம் ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை கீழேயும் தெரிந்தது.

அப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. தாங்கள் போட்டியை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து, என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, தேசப்பனின் கட்டுமரத்தில் போட்டீர்கள். பின்னால் வந்த ஜோடியெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போனது. கரையில் அவர்கள் துண்டின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறியதைக் கட்டுமரத்திலிருந்து பார்த்தோம். தாங்கள் இறங்கி, நம் துண்டைப் பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்துவிட்டீர்கள். "போடா அவசரக் குடுக்கை" என்று நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இந்த இரண்டு வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தங்கள் கடைசிக் கடலை நான் கெடுத்துவிட்டேன், அதைத் திருப்பித் தர என்னிடம் வழி இல்லை.

ஆனாலும் குற்றம் மீனுடையது என்பதைத் தாங்கள் கருணையோடு பரிசீலிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை நான் திருந்திவிட்டேன். இனி எதிலும் அவசரம் கிடையாது. தங்கள் பதில் நாளை வந்தாலும் சரி, அடுத்த வாரம் வந்தாலும் சரி, பதறாமல் காத்திருப்பேன். தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று தொந்தரவு செய்ய மாட்டேன். கோபம் அதன் வேகத்தில் ஆறட்டும். ஆறியபின் தாங்களும் அக்காவும் திருப்போரூருக்கு வந்து, வச்சலாவை மடியில் வைத்துக்கொண்டால் போதும். நான் வேண்டுமானால் கோயிலுக்கு வெளியே செருப்புக்குக் காவலாக நின்றுகொள்கிறேன்.

முருகன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறைந்த ரத்த அழுத்தத்தையும், என்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் அருள வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
கோதண்டராமன்.

பின்குறிப்பு: அண்ணாத்த, நான் அம்சா எழுதறேன். மேல கீற மீன் கதைய நம்பாத. நேத்து ரத்னா, தேசப்பன் பொண்டாட்டி, கூடையோட வந்தா. கேட்டேன். "அன்னிக்கி எங்கக்கா மீனு? ஒரு குஞ்சு கூட துள்ளல. எங்க ஊட்டுக்காரு கடைசி வரிக்கும் ஒரே மாதிரிதான் பாடிகினு இருந்தாரு, உங்க ஊட்டுக்காருதான் பாட்ட மீறிகினு போனாரு"ன்னா. அப்புறம் இவர நிக்க வெச்சிக் கேட்டேன். தலையத் தொங்கப் போட்டுகினு சொன்னாரு: நீ முன்னால போறதப் பாக்க முடியலியாம். "மெதுவா வா மாப்ள, நான் நிக்கிறேன்"னு நீ திரும்பிச் சொன்னியாமே, அது இவருக்கு நல்லாவே கேட்டுச்சாம். அதாலதான் இன்னும் ரோசம் வந்துச்சாம். சொல்லிட்டு அழுதாரு அண்ணாத்த. நான் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இவரு அழுது பாத்ததில்ல.

காலைல குந்திகினு இத்த எழுதினாரு. பதறாம காத்திருப்பேன்னு எழுதின கையோட பேனாவ மூடி வெச்சாரு, வாசல எட்டிப் பாத்தாரு, செய்யூர் வந்து உன் கால்ல விழறேன்னு ஓடிட்டாரு. சட்டைய பஸ் ஸ்டாண்டு போற வழியிலதான் போட்டுகினாரு. பின்னாலயே போய்ப் பாத்தா, செய்யூர் பஸ்ஸு நின்னுகினு கீது, இவரு அவசரத்துல அச்சரப்பாக்கம் பஸ்ல ஏறிப் போயிட்டாரு. சுத்திகினுதான் வந்து சேருவாரு. நம்ம இருசப்பன் லாரி செய்யூருக்கு நேரா போவுது, அவன் கைல இத்தக் குடுத்தனுப்பறேன், முன்னாடி வந்துடும். அண்ணாத்த, மெயின் ரோட்லேர்ந்து உன் வூடு வரிக்கும் அவரு ஓடித்தான் வருவாரு. வந்து நின்னா மூச்சு வாங்கும், பேச்சு வராது. நீயே மொதல்ல பேசிடு.