மிக்ஸரின் மூன்றாவது ஒயர்

என் கணவர் பாடுவது சம்பந்தி வீட்டார் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது என்று நான் சபதம் எடுத்தது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், எங்கள் ஜாஹ்னவியின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால்.

என் கணவர் கிருஷ்ணஸ்வாமி கணக்கு வாத்தியார். கணக்கில் ஒரு தப்பு வராது. அத்தனை தப்பையும் சேர்த்து வைத்துப் பாட்டில் விடுவார். அவர் தொண்டையைக் கனைத்ததுமே பக்கத்து வீட்டுக் கமலவேணி தறியில் போய் உட்கார்ந்துவிடுவாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தை வரப்பிரசாதமாக நினைத்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான்.

அந்த வாரம் எங்கள் மிக்ஸி புகைந்து உயிரை விட்டது. அவருக்கு மெட்ராஸில் ஏதோ வேலை. வரும்போது புதுசு வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். மத்தியானம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினார். "மரகதம், மிக்ஸர் வாங்கிட்டேன். ஆறு சேனல்." லைனில் ஒரே இரைச்சல். எனக்கு ஆறு ஜார் என்று கேட்டது. மூன்று ஜாருக்கு மேல் கண்டறியாத நான் இரண்டு தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வந்தது ஒரு தட்டைப் பெட்டி. மூஞ்சி பூரா திருகு. ஜார் இல்லை, பிளேடு இல்லை.

"ஏன்னா, இதுல துவையல் எப்படி அரைக்கறது?"

"இது மைக்குல மாட்டற மிக்ஸர். குரலைப் பதமா அரைக்கும், மரகதம். எக்கோ கூட இருக்கு. நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஒரு மணி நேரம் பாடப்போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே. சம்பந்திக்கு ஆச்சரியமா இருக்கட்டும்."

ஆச்சரியத்துக்குக் குறைவிருக்காது. சம்பந்தி வரதராஜன் மாம்பலத்தில் ஒரு சபாவின் காரியதரிசி. பெரிய வித்வான்களே சுருதி விலகினால் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுகிற மனிதர். இவர் பாட்டைக் கேட்டால் காப்பியோடு நிற்பாரா, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவாரா? தொண்டைக்கு ஓய்வு கொடுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். மிளகு கஷாயம் போடச் சொன்னார்.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவர் தொடவேயில்லை. நான் கான்வென்டில் படித்தவள். எது வந்தாலும் முதலில் புத்தகத்தைப் படி என்று சிஸ்டர்கள் தலையில் தட்டித் தட்டி ஏற்றியிருந்தார்கள். படித்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாலும் ஹெட்போனில் மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும் என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. இதற்கு மேல் எனக்கு என்ன ஞானம் வேண்டும்? புத்தகத்தை மூடிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் கமலவேணியைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். தறிப் பாவில் ஆயிரம் இழைக்கு நடுவில் அறுந்த ஒன்றை விரலாலேயே தேடி எடுப்பவள். மேடை ஓரத்தில் குனிந்து ஒயர்களைத் தடவிப் பார்த்தாள்.

"இது அண்ணன் மைக்கு. இது சுருதிப்பெட்டி மைக்கு. வெளிய போறதுல இந்த இழை ஸ்பீக்கருக்குப் போவுது, இது காதுக்கு. யக்கா, மூணாவதா இன்னொண்ணு மேசைக்கு அடியில எங்கியோ போவுதே?"

"அது எங்க வேணா போகட்டும். நீ ஸ்பீக்கரைப் பிடுங்கு."

பெரிய ஸ்டுடியோக்களில் எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பாடுகிறார்களாம் என்று அவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்து மாட்டிக்கொண்டார். எனக்குச் சுருதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கண்ணை மூடினார். பாடினார். எக்கோவில் குளித்த தன் குரலைத் தானே கேட்டு அவர் முகத்தில் ஒரு தேஜஸ். வெளியே முந்நூறு பேர் பேசிய பேச்சில் அந்தக் குரல் சாம்பாரில் விழுந்த அப்பளம்.

சம்பந்தி அம்மாள் எட்ட நின்றபடியே, மாமா ஜபம் பண்ணுகிறாரா, காதில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்டாள்.

"சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதான்" என்றேன். யார் காதில் என்று அவள் கேட்கவில்லை.

கமலவேணிக்கு மனசு கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். "பாவம்க்கா. எவ்ளோ ஆசையா பாடிக்கினு இருக்காரு. ஒயரைப் பிடுங்கினது தெரிஞ்சா?"

"தெரியாது. அவர் காது அவர் பாட்டுலதான் இருக்கும்."

"உனக்கு இந்தப் பாட்டு புடிக்கவே புடிக்காதா?"

என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "கல்யாணமான புதுசுல சாயங்காலமானா கரண்ட் போயிடும். எனக்கு இருட்டுன்னா பயம். சமையலுள் வாசல்ல நின்னு, கரண்ட் வர்ற வரைக்கும் பாடுவார். சுருதி அப்பவும் கிடையாது. பாத்திரத்தை உருட்டுவேன், நிறுத்தட்டும்னு. நிறுத்தினா பயமா இருக்கும். திரும்பப் பாடுங்கோன்னு கேக்க வாய் வராது. இப்ப என்னடான்னா எமர்ஜென்ஸி லைட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிடறார்."

அவர் சரணத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தி, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

நிச்சயம் நன்றாக நடந்தது. இவ்வளவு அடக்கமான சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வரதராஜன் சொன்னார். பாட்டு எப்படி என்று இவர் என்னைக் கேட்டார். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை என்றேன். பொய் சொல்லக்கூடாது என்பதும் கான்வென்ட் பாடம்தான்.

அடுத்த வாரம் கரண்ட் போனது. எமர்ஜென்ஸி லைட் வரவில்லை. சமையலுள் வாசலில் வந்து நின்று பாடினார். பாத்திரத்தை உருட்டினேன். நிறுத்தவில்லை. லைட்டில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த லைட்டுக்குச் சார்ஜே ஏறவில்லை.

பத்து வருஷம் கழித்து இந்தப் போகிக்குப் பரணை ஒழித்தேன். மிக்ஸர் பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய டேப் ரெக்கார்டர், அதன் வாலாக அந்த மூன்றாவது ஒயர், ஒரு கேஸட். போட்டுக் கேட்டேன். சுருதிப்பெட்டி மைக் அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. என் பேச்சு முன்னால் கணீரென்று, அவர் பாட்டு எங்கோ பின்னால். அன்றைக்கு அவர் ஹெட்போனிலும் இதே கணீர்தான் கேட்டிருக்கும்.

கேஸட் அட்டையில் கணக்கு வாத்தியாரின் குண்டு எழுத்து: "மரகதவல்லி கச்சேரி. பக்கவாத்தியம்: கிருஷ்ணஸ்வாமி."