எங்கள் ஓட்டுநர்களுக்கு நோய் வராது

வந்திருந்தோர்: தலைவர் மகோகா, பொருளாளர் நஃபூலா, ஓட்டுநர் சிட்டுமா, செயலாளராகிய நான்.

உலகத்தில் நோயே இல்லாத ஓட்டுநர்களை வைத்திருக்கும் ஒரே நிறுவனம், கிடாலே நகரில் மடாட்டு எனும் பயணிகள் வேன்கள் ஓட்டும் எங்கள் சங்கம்தான். பதினோரு ஆண்டுகளாக ஒருவருக்கும் ஒன்றுமில்லை. 'எனக்கு எந்த நோயும் இல்லை' என்று அச்சடித்த படிவத்தில் ஆண்டுதோறும் கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்து விழுந்ததும் சட்டப் பொறுப்பு சங்கத்தை விட்டு இறங்கி ஓட்டுநரின் தலையில் ஏறிக்கொள்ளும். பக்கவிளைவில்லாத மருத்துவம்.

இந்தப் பெருமைக்குத்தான் சிட்டுமா வேட்டு வைத்தார். கையெழுத்திடாமல், மருத்துவரின் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு மாசத்துல மூணு தடவை வலிப்பு வந்துருச்சு தலைவரே. ஓட்டவே கூடாதுன்னுட்டார் டாக்டர். கண்டக்டர் வேலையாவது குடுங்க. வீட்டுல நாலு பிள்ளைங்க."

தலைவர் கடிதத்தைத் தொடவில்லை.

"செயலாளரே, பிரிச்சீங்களா?"

"இல்லை தலைவரே."

"பிரிக்காதீங்க. படிச்சா நமக்குத் தெரிஞ்சதாயிடும். அப்புறம் கோர்ட்டுல நாமதான் நிக்கணும்."

எங்கள் ஊரில் ஜெபம் இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவுக்கு வராது. நஃபூலா அம்மா எழுந்தார். சிட்டுமாவின் தலையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்து, இருபது நிமிடம் வலிப்பை விரட்டினார். 'நோய் ஏகமனதாக நீங்கியது' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

"இப்ப எப்படியிருக்கு தம்பி?"

"கழுத்து வலிக்குதும்மா."

"வலிப்பு போச்சுல்ல? கையெழுத்தைப் போடு. வெபூயே வண்டியில ஜனங்க ஏறியாச்சு."

சிட்டுமா பேனாவை எடுத்தார்.

"போடறேன். உங்க வீடும் வெபூயேதானேம்மா? முன் சீட்டு காலியா இருக்கு. என் பக்கத்துல உக்காந்து வாங்க."

நஃபூலா கைப்பைக்குள் எதையோ தேடினார். "இன்னிக்கு... மக வீட்டுல சாப்பாடு."

"தலைவரே, நீங்க?"

"முன் சீட்டுன்னா எனக்குத் தலை சுத்தும்பா."

"செயலாளர் ஐயா?"

"நான் குறிப்பெழுதிட்டிருக்கேன்."

எங்கள் விசுவாசத்தில் குறையில்லை. நேரம்தான் ஒத்துவரவில்லை.

சிட்டுமா பேனாவைக் கீழே வைத்தார். ஜெபத்தை அவமதித்த குற்றத்துக்காக அவரை அப்போதே வேலைநீக்கம் செய்தோம். வராந்தாவில் காத்திருந்த இன்னொரு ஓட்டுநர் மசிண்டேயைக் கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தோம். மசிண்டே ஒழுக்கமானவர், கேள்வி கேட்காதவர். கையெழுத்திடும் கோடு எங்கே என்று தன் விரலைப் பிடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே கையெழுத்திட்டுவிட்டு, சுவரைத் தடவியபடி வண்டிக்குப் போனார்.

"ஐயா, மசிண்டேக்குக் கண்ணு..." என்று வாசற்படியில் நின்று ஆரம்பித்தார் சிட்டுமா.

அந்த வாக்கியம் முடிந்தால் வண்டியிலிருக்கும் பதினாலு பேருக்கும் நாங்கள் பொறுப்பு. முடியவிடாமல் அவரை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினேன்.