நேரம் வந்தால் வரும் நட்சத்திரம்

டிவி கறுப்பாகவே இருந்தது.

வாசலுக்குப் போகும் முன் சரவணமுத்து கம்ப்யூட்டரை டிவியோடு மாட்டி, விளையாட்டு கேசட்டை ஓட விட்டுத்தான் போயிருந்தான். அது கிறீச்சென்று ஓடி முடிந்ததும் ஆட்டம் தானாகத் தொடங்கும். திரை முழுக்க நட்சத்திரம் பூத்து, நடுவே ஒரு ஆகாயக் கப்பல் நிற்கும். பெண் வீட்டாரைக் கும்பிட்டு, காபி கொடுத்து, அழைத்து வந்து பார்த்தால் அவன் முகம்தான் அதில் மங்கலாகத் தெரிந்தது.

விஷயம் விளையாட்டல்ல. அவனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். அது 1987. நாமகிரிப்பேட்டையில் அப்படி ஒரு உத்தியோகம் உண்டென்று அவன் அம்மாவே பாதிதான் நம்பினாள். பெண்ணின் அப்பா தங்கசாமி திருச்செங்கோட்டில் தறி ஓட்டுகிறவர். "கண்ணால பாத்துட்டுத் தட்டு மாத்தலாமுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காகவே மேனேஜரின் காலைப் பிடித்து இந்தப் பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தான். தேர்த் திருவிழாவில் அவர் மகள் கமலவேணியை ஒரு தடவை பார்த்தவனுக்கு, வேறு பெண்ணைப் பார்க்க மனசில்லை.

பஸ் தாமதமாம். நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் படியேறிவிட வேண்டும் என்று தங்கசாமியின் அக்கா பாப்பாயி எல்லாரையும் ஓட்டமும் நடையுமாக இழுத்து வந்திருந்தார். மற்றவர்கள் காபி குடிக்கையில், அவர் வழக்கப்படி வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனார். அடுப்படி, மாட்டுக் கொட்டகை, அறை ஒன்று விடவில்லை. குதிர் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். இப்போது டிவி அறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் மாப்ள, இதானுங்களா?" என்றார் தங்கசாமி, பயபக்தியோடு.

"இதானுங்க. இப்ப வந்துருமுங்க."

வயரை அசைத்தான். கேசட்டைத் தட்டினான். கம்ப்யூட்டர்காரன் கம்ப்யூட்டரைத்தானே சந்தேகப்படுவான்.

அவன் தாய்மாமன் நாச்சிமுத்து ரிக் லாரி வைத்து போர்வெல் போடுகிறவர். அவருக்குக் கரண்டின் மேல் சந்தேகம். "வோல்டேஜ் பத்தல மாப்ள. ஃபேஸ் மாத்திடறேன்" என்று போய் ஃபியூஸைப் பிடுங்கினார்.

கரண்டு போனது. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏறியிருந்த ஆட்டமும் அதோடு போனது. கரண்டு திரும்பி வந்த வேகத்தில் வாசல் பல்பு படாரென்று வெடித்தது.

"கொஞ்சம் பொறுங்க. நேரம் வந்தாத் தானா வரும்" என்றார் பாப்பாயி.

குத்திக் காட்டுகிறார் என்று சரவணமுத்துவுக்குச் சுருக்கென்றது. கேசட்டை முதலிலிருந்து ஓட விட்டான். அந்தக் கிறீச்சொலி கேட்டு கொட்டகையில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓட, அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள். சத்தம் அடங்கியது. திரை அதே கறுப்பு. ஒரு பட்டனை அழுத்தினான்.

'பீப்' என்றது.

தங்கசாமி எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, உள்ள என்னமோ இருக்குது. இருந்துட்டுத்தான் காட்ட மாட்டேங்குது." திரை போட்ட சந்நிதி முன் நிற்கிறவரைப் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆண்டெனாவைத் திருப்பினா வந்துரும்" என்று நாச்சிமுத்து கூரையேறினார். ஆண்டெனா வயரை கம்ப்யூட்டருக்காக எப்போதோ கழற்றியாயிற்று என்று மருமகன் கத்தியது அவர் காதில் விழவில்லை.

"வருதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வரலீங்க மாமா, எறங்குங்க!"

"இப்ப?"

வந்தது. ஓட்டைப் பிளந்துகொண்டு முழங்கால் வரை மாமாவின் வலது கால் அறைக்குள் வந்து தொங்கியது. இதுவும் அந்தப் பெட்டியின் வேலையோ என்று தங்கசாமி வாயைப் பிளந்து பார்த்தார்.

காலை மேலே இழுத்து, மாமாவைக் கீழே இறக்கி, செருப்பைத் தேடிக் கொடுத்தார்கள். சரவணமுத்து தங்கசாமி பக்கம் திரும்பினான்.

"எங்க தப்புன்னு எனக்கே தெரியலீங்க" என்றான்.

தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பரவாயில்லீங் மாப்ள. ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லியனுப்பறமுங்க."

அப்படிச் சொல்லியனுப்பிய சம்பந்தம் எதுவும் அந்தச் சீமையில் முடிந்ததில்லை.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. பாப்பாயி முட்டியைப் பிடித்து எழுந்தார். டிவியிடம் போய், பக்கவாட்டில் இருந்த ஒரு குமிழைத் திருகினார்.

கறுப்பு மெல்ல விலகியது. முதலில் ஒரு புள்ளி, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி நட்சத்திரங்கள். நடுவே அந்தச் சின்னக் கப்பல் நின்றது. சரவணமுத்துவின் விரல் தன்னையறியாமல் பட்டன்மேல் அசைய, கப்பல் அது சொன்ன பக்கம் மிதந்து போனது. மாசக் கணக்காக இதைப் பார்த்தவனுக்கே உடம்பு சிலிர்த்தது. தங்கசாமி கும்பிட்ட கையை இறக்கவில்லை. கன்றோடு திரும்பிய அம்மா கயிற்றை விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றாள்.

"எப்பிடிங் அத்தை?" என்றான் அவன்.

"எங்கூட்டு டிவியிலயும் இதே வெளிச்சக் குமிழ்தான் சாமி. நீங்க காபி குடிக்கையில நான் எட்டிப் பாக்கறப்பவே அந்த ஆகாசம் தெரிஞ்சுது. ஊட்டு மாப்ளையோட முதல் காரியம் ராகு காலத்துலயா தொடங்கறது? அணைச்சா அபசகுனம்னு, விளக்குத் திரியாட்டத் தணிச்சு வெச்சேன்."