யோகா மேடையில் எஸ்தரின் செருப்பு

நோயாளியாக இருப்பதில் பெரிய கஷ்டம் நோய் இல்லை. அதற்கு மாத்திரை இருக்கிறது. நமக்கு நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுவது இருக்கிறதே, அதற்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு நாற்பத்தெட்டு வயதில் பார்கின்சன் வந்தது. மூளையில் ஏதோ ஒரு ரசாயனம் குறைந்துபோய், காலை எடுத்து வை என்றால் கால் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும். (அரசாங்க ஆபீசில் ஃபைல் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.) சென்னையில் நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "நேரம் தவறாம போடுங்க. கூடவே யோகாவும் பண்ணுங்க, நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு" என்றார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி பஞ்சர் கடை வைத்திருக்கும் என் மச்சான் இதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டான். "மாத்திரலாம் வுட்டுரு மாமா. யோகா ஒண்ணு போதும், எல்லாம் பறந்துடும்." அவனுக்கு வருஷக்கணக்கில் முதுகுவலி. அதற்கு மாத்திரைதான் போடுகிறான்.

நான் மாத்திரையையும் விடவில்லை, நாற்காலியையும் விடவில்லை. ஆனால் கம்பெனியில் மூச்சு விடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு எனக்கு. மகள் பெனிட்டா அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். கை நடுங்குகிறவனை வேலைக்கு வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

ஆனால் உடம்பு காட்டிக்கொடுத்தது. நடை மெதுவானது, குரல் இறங்கியது, முகத்தசை இறுகி எந்த உணர்ச்சியும் வெளியே தெரியாமல் போனது. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன் கேட்டான்: "இன்னாண்ணே, இப்பல்லாம் உனுக்குக் கோவமே வர்றதில்ல?"

"யோகா பண்றேன்பா," என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

அவ்வளவுதான், தீர்ந்தது. என்னுடைய ஒவ்வொரு வியாதிக் குறியும் ஆன்மிக முன்னேற்றமாகப் பதிவாக ஆரம்பித்தது. மெதுவாக நடந்தால் நிதானம். மெதுவாகப் பேசினால் பக்குவம். கண் இமைக்காவிட்டால் தியானம். ஒரு சப்ளையர் உடைந்த சரக்கை இறக்கிவிட்டு நின்றபோது அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை. "நீங்க ஒண்ணுமே சொல்லாம பாக்குறதுதான் சார் மனச அறுக்குது" என்று கண்கலங்கி, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். எனக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என்னைக் கம்பெனியில் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள்.

இப்படியிருக்க யோகா தினம் வந்தது. குடும்பத்தோடு எல்லாரும் வரவேண்டும் என்றார்கள். திருவள்ளூரிலிருந்து ஒரு யோகா மாஸ்டர் வருவார், மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று நான் செய்து காட்ட வேண்டும். மறுக்க வேண்டியதுதானே? சாமிக்கு எங்கே மறுக்க வரும்?

என் மனைவி எஸ்தர் மட்டும் சொன்னாள்: "வேணாம் பெனிட்டாப்பா. மாத்திர நேரம் தப்புனா உன் கத இன்னா ஆவும்னு உனுக்கே தெரியும். அத்தினி பேரு முன்னால பேஜாராப் பூடும்."

"ஆறரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு முடிச்சுடுவாங்க. முடிஞ்சதும் போட்டுக்குறேன்."

நம் நாட்டில் ஒரு விழா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும் என்று நம்பினேன் பாருங்கள், அந்த அறிகுறிக்குத் தனியாக ஒரு டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

சிறப்பு விருந்தினர் கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். எல்லாருக்கும் கொடுத்த வெள்ளை டீஷர்ட்டில் பாக்கெட் கிடையாது. என் மாத்திரை லாக்கர் ரூமில், கழற்றி மாட்டிய சட்டையில் பத்திரமாக இருந்தது. ஏழு மணி தாண்டிற்று. கால் கனக்க ஆரம்பித்தபோதுதான் அவருடைய கார் கேட்டுக்குள் நுழைந்தது.

மாஸ்டர் வீரபத்ராசனம் என்றார். ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினேன். நன்றாகத்தான் நின்றேன். "பழைய நிலைக்கு வாங்க" என்றார். எல்லாரும் வந்தார்கள். நான் வரவில்லை. இரண்டு பாதங்களும் மேடையின் பச்சைக் கார்பெட்டோடு ஒட்டிக்கொண்டன.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "பாருங்க! எல்லாரும் கலைஞ்சுட்டீங்க. ஐயா மட்டும் அப்படியே நிக்கிறாரு. இதுதாங்க மன ஒருமைப்பாடு."

கைதட்டல். என் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

"கையைக் கவனிங்க. பிராணசக்தி ஓடுது!"

இன்னும் பலமான கைதட்டல். கேன்டீன் கான்ட்ராக்டர் மேடையேறி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தொட்டவர் கொஞ்சம் தூக்கியும் வைத்திருக்கலாம். ஜி.எம். அங்கேயே எனக்கு ஒரு வெள்ளிக்கோப்பை அறிவித்து, மேடையின் மறுகோடியில் விருந்தினரோடு நின்றுகொண்டு என் பேரைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். நான் அவரையே பார்த்தபடி நின்றேன். "பரிசுல பற்றில்ல போல" என்றார் விருந்தினர்.

உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிஷத்தில் யாராவது 'இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று சொல்லிவிடுவார்கள், என் வேலை, பெனிட்டாவின் படிப்பு எல்லாம் முடிந்தது என்று பயமாக இருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

வீட்டில் நான் இப்படி உறைந்துபோனால் எஸ்தர் துடைப்பத்தை என் காலுக்கு முன்னால் குறுக்கே போடுவாள். தானாக நடக்க மறுக்கிற கால், எதிரே ஒன்று கிடந்தால் அதைத் தாண்டிவிடும். டாக்டர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. கூட்டத்திலிருந்து பட்டுப்புடவையில் எழுந்து ஓடிவந்த எஸ்தர் துடைப்பத்தைத் தேடினாள். விருந்தினருக்காகத் துப்புரவாகக் கூட்டிவைத்த இடத்தில் ஒரு குச்சிகூட இல்லை.

எனவே செருப்பைக் கழற்றினாள்.

கையில் செருப்போடு புருஷனை நோக்கி மேடையேறும் ஒரு பெண்ணைப் பார்த்தால் மொத்தத் தொழிற்சாலையும் என்ன நினைக்கும்? கைதட்டல் பட்டென்று நின்றது. செக்யூரிட்டிகள் இருவர் ஓடிவந்தார்கள். எச்.ஆர். மேடம் குறுக்கே விழுந்து, "அக்கா, அக்கா, எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்" என்று கெஞ்சினார். கேன்டீன் கான்ட்ராக்டர் தொட்ட கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நவுரும்மா," என்று மேடத்தை ஒதுக்கிவிட்டு, எஸ்தர் செருப்பை என் காலுக்கு முன்னால் வைத்தாள். "உம். தாண்டு."

தாண்டினேன். அடுத்த செருப்பைக் கழற்றி வைத்தாள். அதையும் தாண்டினேன். பின்னால் கிடந்ததை எடுத்து முன்னால் வைத்தாள். இப்படியே செருப்பு மாற்றிச் செருப்பு வைத்து, குனிந்து நிமிர்ந்து, ஜி.எம். வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இன்னா பாக்குறீங்க?" என்றாள் எல்லாருக்கும் பொதுவாக. "அவுருக்கு நரம்பு வியாதி. பார்கின்சன்னு பேரு. காலு ஒட்டிக்கும், எதுனா குறுக்க இருந்தா தாண்டிக்கினு போவாரு. மாத்திர போட்டா சரியாப் பூடும். நீங்கதான் கார்ல லேட்டா வந்துக்கினு மனுசன நிக்க வெச்சுட்டீங்க."

கடைசி வாக்கியம் விருந்தினருக்கு. அவர் கீழே கிடந்த செருப்பைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், "சாரிம்மா" என்றார். ஜி.எம். என் நடுங்கும் கையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கோப்பையை அவளிடமே கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அப்பாடா என்றும் இருந்தது.

பிறகு ஜி.எம். என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். "அனுப்பிடுவீங்கன்னு பயம் சார்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த மாசம் ஆடிட் இருக்கு. உங்கள எப்படிங்க அனுப்ப முடியும்?" மனிதாபிமானம் எந்தெந்த ரூபத்தில் வருகிறது பாருங்கள். ஏணியில் ஏறும் வேலையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அந்த ஆடிட் முடிந்து இன்னும் பல ஆடிட்டுகள் வந்துவிட்டன. இன்றும் அங்கேதான் இருக்கிறேன், நாற்காலி யோகாவோடும் மாத்திரையோடும். சாமிப் பட்டம்தான் போய்விட்டது. பதிலுக்கு எல்லாரும் டாக்டராகி, ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள்.

ஆனால் செய்தி வெளியே போகும்போது நரம்பு வியாதி கேட்டிலேயே நின்றுவிட்டது, செருப்பு மட்டும் ஊருக்குள் போனது. பெனிட்டாவைப் பெண் கேட்டுப் பொன்னேரியிலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, காபியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கம்பெனில, எல்லாரு முன்னாடியும், வூட்டுக்காரர செருப்பால... அது நீங்கதானா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள். "ஆமாங்க, நான்தான். தேவப்பட்டா மாப்பிள்ளைக்கும் செய்வேன்."

கல்யாணம் நடந்துவிட்டது. உண்மை என்னவென்று மாப்பிள்ளைக்கு இப்போது நன்றாகவே தெரியும். இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வாசலில் கிடக்கும் மாமியார் செருப்புக்கு முன்னால் ஒரு நொடி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காலை நன்றாகத் தூக்கித் தாண்டித்தான் உள்ளே வருகிறார்.