ஊமைப்படமும் இவருடைய முதுகும்

எதையாவது சொல்லிவிட்டால் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைப்பேன். சொல்லாமல் விட்டால் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பேன். கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டையும் ஒரே கிழமைக்குள் செய்து முடித்தேன்.

அப்போது இவர் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம். முதுகில் இடப்பக்கம் ஒரு பிடிப்பு. அது அங்கே ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

திங்கட்கிழமை ஏதோ வேலை நேரம் மாறியதைச் சொல்லத் தொழிற்சாலை போர்மன் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். நல்ல மனிதரின் குரல். (குரலை வைத்து ஆளை எடைபோடுகிற வயது.) இடப்பக்கம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லி, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை இவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சாரும், என்னைக் குந்தியிருந்து செய்யிற வேலைக்கு மாத்திப்போட்டாங்கள். என்ர கெட்டித்தனத்தைக் கண்டிருக்கிறாங்கள்."

நான் ஃபோன் கதையைச் சொல்லாமல் சோற்றைப் போட்டேன்.

சனிக்கிழமை இவருக்கு ஓவர்டைம். நான் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே பழைய ஜெர்மன் ஊமைப்படம் ஒன்று, பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்க, இலவசம். ஒரு வீரன் டிராகனைக் கொன்று அதன் இரத்தத்தில் குளிக்கிறான். இனி அவன் உடம்பில் எந்த ஆயுதமும் இறங்காது. ஆனால் குளிக்கும்போது முதுகில் ஓர் இலை ஒட்டிக்கொள்ள, அந்த இடம் மட்டும் நனையவில்லை. அவனுடைய மனைவி, பாவம், என்னைப்போல ஒருத்தி. பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த இரகசியத்தை ஒருவனிடம் ஒப்படைக்கிறாள். கணவனின் சட்டையில் அடையாளமும் தைத்துவிடுகிறாள். இரகசியத்தைக் கேட்டவனின் ஈட்டி சரியாக அங்கேயே இறங்கியது.

"ஐயோ, என்ர மனுசன்" என்றேன். பியானோ வாசித்தவர் திரும்பிப் பார்த்தார்.

இவரை இருத்தி வைத்ததே வேலையை விட்டு அனுப்பத்தான் என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெளிவாகிவிட்டது. வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடி, போர்மனைக் கூப்பிட்டேன்.

"சேர், நான் சொன்னது பிழை. அவருடைய முதுகு இரும்பு."

"நிச்சயமாகவா?"

"இரண்டு பக்கமும் இரும்பு."

மனிதர் மிகவும் சந்தோஷப்பட்டார். அன்று லொறிக்கு ஏற்றுகிற இரண்டு பேர் வரவில்லையாம்.

பின்னேரம் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"போர்மனுக்கு என்ன சொன்னனீர்?"

"நல்லதுதான் சொன்னனான்."

"ஆருக்கு நல்லது?"

மூன்று நாள் படுக்கை. திரும்பவும் நானே ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். (இவர் படுத்தபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார்.) போர்மன் உண்மையாகவே நல்ல மனிதர், இருந்து செய்யும் வேலையை மறுபடி கொடுத்தார்.

இன்றைக்கும் டாக்டர் எங்கே நோகிறது என்று கேட்டால் இவர் பதில் சொல்லமாட்டார். மகள்தான் கதவைத் திறந்து பிடிப்பாள்.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. அப்பா இடம் காட்டப் போறார்."