செய்திமடல் மீட்புப் படலம்

கடலில் விழுந்தவரை மீட்டவர்களை உலகம் அறியும். கிணற்றில் விழுந்தவரை மீட்டவர்களையும் அறியும். குப்பைப் பெட்டியில் விழுந்த மின்னஞ்சலை மீட்க மலையேறிய மாவீரர், நமக்குத் தெரிந்து, போடிநாயக்கனூர் தவசி ஒருவர்தான்.

மேல்மலை ஏலக்காய் விவசாயிகள் நல்வாழ்வுச் சங்கத்தின் செயலாளர் அவர். வாரந்தோறும் முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கும் ‘செய்திமடல்’ அனுப்பிவந்தார். படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தவசி. இன்னொருவர் தலைவர் பிச்சைமணி; அதுவும் தம் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மற்றவர்களுக்கு மடல் நேரே ‘ஸ்பேம்’ என்னும் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தது.

அவசரக் கூட்டம் கூடியது.

“நம்ம மடலை எந்தப் பய குப்பைன்னு சொன்னது?” என்று கொதித்தார் பிச்சைமணி.

“ஆளு யாரும் சொல்லலண்ணே. மெஷினே முடிவு பண்ணிருது” என்றார் தவசி.

“படிச்சுப் பாத்தா முடிவு பண்ணுது?”

“ஆமாண்ணே.”

“அப்ப மூணாவதா ஒருத்தன் படிக்கிறான்னு சொல்லு” என்று தலைவர் சற்றே குளிர்ந்தார்.

சீர்திருத்தங்கள் தொடங்கின. தலைப்பிலிருந்த ‘இலவசம்’ போயிற்று. ஏழு ஆச்சரியக்குறிகள் போயின. தலைவரின் படங்கள் பதினொன்றிலிருந்து நான்காயின. அன்று தலைவர் சாப்பிடவில்லை. அப்படியும் மெஷின் மனம் இரங்காததால், வீடு வீடாகப் போய்ப் போனை வாங்கி, ‘ஸ்பேம் இல்லை’ என்று தம் கையாலேயே அமுக்கிவரத் தவசி ஜீப்பில் புறப்பட்டார்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஓடையருகில் ஜீப் நின்றது.

“இதுக்கு மேல போகாதுண்ணே” என்றார் டிரைவர் மொக்கச்சாமி. “பாலத்தைத் தண்ணி கொண்டுபோயி மூணு வாரமாச்சு.”

மடிக்கணினியைத் தலைமேல் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார் தவசி. என்ன தொண்டு! எதிரே ஏலக்காய் மூட்டைகளும் தலைமேல்தான் வந்துகொண்டிருந்தன. அவற்றைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

அக்கரையில் சங்க உறுப்பினர் சுருளியம்மாளின் தோட்டம்.

“ஆத்தா, வெரசா போனைக் கொண்டாங்க.”

அமுக்கினார். மடல் மீண்டது. சுருளியம்மாள் கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார்.

“‘இருபத்தாறாம் மடல். இருபத்தைந்தாம் மடல் ஸ்பேமுக்குப் போயிருந்தால் அதை எடுப்பது எப்படி?’ சரி அப்பு, இருபத்தஞ்சுல என்ன இருக்கு?”

“இருபத்திநாலை எடுக்குறது எப்படின்னு இருக்கு ஆத்தா.” தவசிக்கு ஈர உடையிலும் வியர்த்தது.

“அது கெடக்கட்டும். பாலத்துக்காகச் சங்கத்துக்கு ஒம்பது மெயில் போட்டேனே, வந்துச்சா?”

“ஒண்ணுகூட வரலையே!”

நிரூபிப்பதற்காகவே மடிக்கணினியைத் திறந்தார். சங்கத்தின் சொந்தக் குப்பைப் பெட்டியில் நூற்று நாற்பது கடிதங்கள் இருந்தன. சுருளியம்மாளின் ஒன்பதும் வரிசையாக இருந்தன. கடைசிக் கடிதம், முனியாயியைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு தூக்கி ஓடையைக் கடந்ததைச் சொன்னது.

“பாத்தீங்களா ஆத்தா, எல்லாம் இந்த மெஷின் பண்ற சோலி! நாங்க என்ன செய்ய?”

சுருளியம்மாள் குனிந்து, கடிதத்தின் தலையில் மெஷின் ஒட்டியிருந்த குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“‘இது ஏன் ஸ்பேமில் உள்ளது? இவர் முன்பு அனுப்பியதை நீங்களே ஸ்பேம் எனக் குறித்தீர்கள்.’”

கண்ணாடியைக் கழற்றினார்.

“மெஷினு பாவம் அப்பு. நீ சொன்னதைத்தான் கேட்டிருக்கு.”